பிரித்துக் கட்டிய எஞ்சின் ஏன் கிளம்பவில்லை?



தோட்டத்துக் குடும்பங்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓர் ஆடம்பரப் பொருளன்று. விடியுமுன் வேலைக்காட்டுக்குப் போவதற்கும், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவதற்கும், காய்ச்சல் கண்ட குழந்தையை இரவோடிரவாக மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதற்கும் அதுவே நமக்குக் கால். அந்தக் கால் நின்றுவிட்டால் ஒரு நாள் சம்பளம் போகிறது. இரண்டு மூன்று நாள் நின்றால் மளிகைக் கடைக் கணக்கு ஏறுகிறது.

அத்தகைய வண்டியின் எஞ்சின் தேய்ந்து போய், அதை அக்கக்காகப் பிரித்து, போர் அடித்து, புதிய பிஸ்டனும் ரிங்கும் போட்டு மறுபடியும் கட்டுகிறோம். கையில் இருந்த காசெல்லாம் அதில் கரைந்துவிட்டது. இனி ஓடும் என்று மிதிக்கிறோம். ஐம்பது முறை மிதித்தாலும் ஓர் உறுமல்கூட வரவில்லை. அப்போது என்ன செய்வது? இதைத்தான் இன்று நாம் ஒழுங்காகப் பார்க்கப் போகிறோம்.

நாம் பேசப் போவது டூ-ஸ்ட்ரோக் எனப்படும் இரு வீச்சு எஞ்சினைப் பற்றி. இன்று கடைகளில் விற்கும் புதிய மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலும் நான்கு வீச்சு எஞ்சின் கொண்டவை. ஆனாலும் நம் மலேசியாவில் 1985 இல் அறிமுகமாகி 2011 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ்.இசட். போன்ற பழைய வண்டிகளை இளைஞர்கள் இன்றும் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1980 இல் வந்த டி.வி.எஸ். 50, 1985 இல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100 ஆகியவையும் இதே இனந்தான். வண்டி மட்டுமல்ல, தோட்டத்தில் புல் வெட்டத் தோளில் மாட்டும் இயந்திரமும், முதுகில் சுமந்து மருந்தடிக்கும் விசைத் தெளிப்பானும், பழைய மீன்பிடிப் படகுகளின் பின்புறம் தொங்கும் எஞ்சினும் பெரும்பாலும் இரு வீச்சு எஞ்சின்களே. ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவற்றையும் ஓரளவு புரிந்துகொள்ளலாம்.

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரில், சுங்கை பினாங் என்ற ஆறு ஓடுகிறது. மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு, பினாங் என்றால் பாக்கு. தீவுக்கே பெயர் தந்த பாக்கு மரத்தின் பெயரை இந்த ஆறும் தாங்கியிருக்கிறது. ஆற்றை ஒட்டிய பகுதிகளில் இன்று அடுக்குமாடி வீடுகள் பல உள்ளன. தோட்டங்களை விட்டு நகரத்துக்குக் குடிபெயர்ந்த நம்மவர்களும் அந்தப் பக்கங்களில் வாழ்கிறார்கள். பெருமழையும் கடல் ஏற்றமும் ஒன்றுசேர்ந்தால் ஆற்று நீர் வெளியேற வழியின்றித் தெருவுக்குள் வந்துவிடும். 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாட்களில் பினாங்கு மாநிலத்தையே உலுக்கிய வெள்ளம் இப்பகுதியையும் விட்டுவைக்கவில்லை. கீழ்த்தளத்தில் நிறுத்தியிருந்த மோட்டார் சைக்கிள்கள் சேற்றுத் தண்ணீரில் நின்றால், அவற்றின் எஞ்சினைப் பிரிக்காமல் தப்பமுடியாது. பிரித்தால் திரும்பக் கட்ட வேண்டும். கட்டியது ஓட வேண்டும். ஆகவே இந்தப் பாடம் ஒரு சிலருக்கு மட்டும் உரியதன்று.

முதலில் இந்த எஞ்சின் எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகக் காண்போம். இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே என்பவர் 1891 இல் காப்புரிமை பெற்ற அமைப்பே நம் எஞ்சின்களுக்கு மூலம். அதில் பிஸ்டன் ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது. பிஸ்டன் மேலே ஏறும்போது, தன் தலைக்கு மேலுள்ள பெட்ரோல் கலந்த காற்றை அமுக்குகிறது. அதே சமயம் தன் காலடியில் உள்ள கிராங்க் அறைக்குள் புதிய கலவையை உறிஞ்சுகிறது. உச்சிக்கு வரும் நேரத்தில் பிளக்கில் தீப்பொறி விழுகிறது. கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. கீழே வரும் பிஸ்டன் முதலில் புகை வெளியேறும் வாயைத் திறக்கிறது. பிறகு காலடியில் அமுங்கியிருந்த புதிய கலவை பக்கத்து வாய்கள் வழியாக மேலே பாய்கிறது. அவ்வளவுதான். இந்த எஞ்சினுக்கு மேலறையும் கீழறையும் இரண்டுமே காற்றுப் புகாமல் இறுக்கமாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வீச்சு வண்டிகளிலேயே கை பழகியவர்கள் மறந்துவிடுகிற விஷயம் இதுதான்.

இதே எஞ்சினை நம்பி, நாம் பார்த்தேயிராத பனி நாட்டிலும் மக்கள் வாழ்கிறார்கள். கனடாவின் கியூபெக் மாநிலத்தில் வால்கோர்ட் என்ற சிற்றூரில் ஜோசப் அர்மாண்ட் பொம்பார்டியே என்ற மெக்கானிக் இருந்தார். 1934 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் நோயுற்றான். சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் அவனை மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வழியில்லை. பிள்ளை இறந்துவிட்டான். பனிமேல் ஓடும் வண்டியைச் செய்ய ஏற்கெனவே முயன்றுகொண்டிருந்த அந்தத் தகப்பனார், அந்த முயற்சியைக் கைவிடவில்லை. 1937 இல் தம் வண்டியின் பட்டை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959 இல் ஸ்கீ-டூ என்ற சிறிய பனிவண்டியை வெளியிட்டார். பின்னாளில் அவ்வண்டிகளுக்கு ஆஸ்திரியா நாட்டின் ரோட்டக்ஸ் இரு வீச்சு எஞ்சின்கள் பொருத்தப்பட்டன. பிரித்துக் கட்டிய எஞ்சின் கிளம்பாமல் அங்கே ஒருவர் உறைபனியில் நின்று என்னென்ன சோதிப்பாரோ, அதையே நாமும் வெயிலில் நின்று சோதிக்கிறோம். வண்டி கிளம்பாவிட்டால் வீட்டில் என்ன நடக்கும் என்ற கவலை இரு இடத்திலும் ஒன்றுதான்.

நேயர்களே, இனி வேலைக்கு வருவோம். எஞ்சின் எதைக் கேட்கிறது? நான்கே பொருள்களைக் கேட்கிறது. தீப்பொறி, பெட்ரோலும் காற்றும் சரியாகக் கலந்த கலவை, போதிய அமுக்கம், தீப்பொறி விழவேண்டிய சரியான நேரம். இந்த நான்கும் இருந்தால் அது கிளம்பியே தீரும். கிளம்பவில்லை என்றால் நான்கில் ஒன்று இல்லை. எது இல்லை என்று கண்டுபிடிக்கும் முன்பு எந்தச் சாமானையும் வாங்கக் கூடாது.

இன்னொரு விதியும் உண்டு. பிரிப்பதற்கு முன் ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் கட்டிய பின் ஓடவில்லை என்றால், குற்றம் பெரும்பாலும் நம் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். ஆகவே ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்து, எதை எதைக் கழற்றினோம், எதைப் புதிதாகப் போட்டோம், எதற்குச் சாயம் அடித்தோம் என்று வரிசையாக எழுதுங்கள். வீட்டில் படிக்கும் பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையையே எழுதச் சொல்லலாம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றியதையும் அதன் பலனையும் எழுதுங்கள். ஒரே நேரத்தில் மூன்றை மாற்றினால், ஓடினாலும் எதனால் ஓடியது என்று தெரியாது, ஓடாவிட்டாலும் எதைக் கெடுத்தோம் என்று தெரியாது.

வேலையைத் தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி கண்ணுக்குத் தெரியாது. வீட்டுக்குள்ளோ சமையலறைப் பக்கமோ இந்த வேலையைச் செய்யலாகாது. திறந்த வெளியில் செய்யுங்கள். சிகரெட், சாமி விளக்கு, கொசுவர்த்தி எதுவும் அருகில் வேண்டாம். பெட்ரோல் டின்னை மூடித் தள்ளி வையுங்கள். சிறு குழந்தைகளை அண்டவிடாதீர்கள்.

முதற்சோதனை தீப்பொறி. பிளக்கைக் கழற்றி அதன் தொப்பியில் மாட்டி, பிளக்கின் இரும்பு உடல் எஞ்சினின் வெற்று உலோகத்தில் நன்றாகத் தொடும்படி வையுங்கள். பிளக் துளைக்கு அருகில் வைக்க வேண்டாம். துளையிலிருந்து வரும் ஆவி தீப்பிடிக்கக் கூடும். துளையைத் துணியால் மூடிவிட்டு, நிழலில் நின்று மிதித்துப் பாருங்கள். நீல நிறத்தில் பளிச்சென்று, சடக்கென்ற ஒலியோடு பொறி விழுந்தால் நல்லது. மஞ்சளாய், மெலிதாய், விட்டுவிட்டு விழுந்தால் அது போதாது. பிளக் தொப்பியை அந்தரத்தில் தொங்கவிட்டு மிதிக்கவே கூடாது. சி.டி.ஐ. பெட்டி உள்ள வண்டிகளில் அதனாலேயே பெட்டி கெட்டுப்போக வாய்ப்புண்டு.

பொறி இல்லையா? உடனே சி.டி.ஐ. பெட்டி வாங்க ஓடாதீர்கள். முதலில் வேறொரு நல்ல பிளக்கைப் போட்டுப் பாருங்கள். அடுத்து, சாவியிலிருந்தும் நிறுத்தும் சுவிட்சிலிருந்தும் வரும் கம்பியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். அந்தக் கம்பி எங்காவது நசுங்கி வண்டி உடலில் தொட்டுக்கொண்டிருந்தால், எஞ்சினை எப்போதும் நிறுத்தி வைத்திருப்பது போலாகும். கழற்றியதும் பொறி வந்தால் குற்றம் அந்தக் கம்பியில்தான். அதற்கும் அடுத்து, காயில் பொருத்தியிருக்கும் இடத்தைப் பாருங்கள்.

இந்த இடத்தில் எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்வது பொருந்தும். தகப்பனார் தோட்டத்தில் உழைத்து ஓய்வு பெற்றவர். சுங்கை பினாங் பக்கத்தில் அடுக்குமாடியில் குடியிருக்கிறார்கள். மகன் தொழிற்சாலையில் இரவு வேலை செய்கிறார். வெள்ளத் தண்ணீர் புகுந்த பழைய இரு வீச்சு வண்டியை மகனும் நண்பர்களும் சேர்ந்து கட்டினார்கள். சட்டத்துக்கு அழகாகக் கறுப்புச் சாயமும் அடித்தார்கள். பிறகு வண்டி கிளம்பவில்லை. ஒரு பட்டறையில் சி.டி.ஐ. பெட்டியை மாற்றச் சொன்னார்கள், மாற்றினார்கள். காயிலை மாற்றச் சொன்னார்கள், அதையும் மாற்றினார்கள். மூன்று வாரம் போயிற்று. வேலைக்குப் போகப் பிறர் வண்டியை எதிர்பார்த்து நிற்க வேண்டியதாயிற்று. “விட்டுத் தள்ளுப்பா, பழைய இரும்புக்குப் போட்டுடலாம்” என்று தகப்பனார் சொல்லிவிட்டார். கடைசியில் ஒரு நாள் மகனே உட்கார்ந்து, எதற்கெல்லாம் சாயம் அடித்தோம் என்று எழுதிப் பார்த்தார். காயிலைத் தாங்கும் இடமும் அந்தப் பட்டியலில் இருந்தது. காயிலின் இரும்பு உடல் வண்டிச் சட்டத்தை நேராகத் தொட்டால்தான் மின்சாரம் திரும்பி வரும் பாதை முழுமையாகும். அங்கே தடிப்பாகச் சாயம் பூசியிருந்தது. உப்புத்தாளால் அந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி முடுக்கினார். நீலப் பொறி வந்தது. “அப்பா, பத்துக் காசு உப்புத்தாள்ப்பா!” என்று அவர் சத்தம் போட்டாராம். புதிதாக வாங்கிய இரண்டு சாமான்களும் தேவையே இல்லாதவை.

எனவே சாயம் அடித்த வண்டிகளில், எஞ்சினுக்கும் சட்டத்துக்கும், காயிலுக்கும் சட்டத்துக்கும் இடையே வெற்று உலோகம் தொடுகிறதா என்று தவறாமல் பாருங்கள்.

இரண்டாவது சோதனை கலவை. பத்துப் பன்னிரண்டு முறை மிதித்தபின் பிளக்கைக் கழற்றி அதன் மூக்கைப் பாருங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் மேலே வரவில்லை. சொட்டச் சொட்ட நனைந்திருந்தால் அளவுக்கு மீறி வந்துவிட்டது.

காய்ந்திருந்தால் ஓர் எளிய வழி உண்டு. இரு வீச்சு எண்ணெய் கலந்த பெட்ரோலில் அரைத் தேக்கரண்டி மட்டும் பிளக் துளை வழியாக விடுங்கள். சிந்தியதைத் துடைத்து, பெட்ரோல் டின்னை மூடித் தள்ளி வைத்துவிட்டு, பிளக்கை மாட்டி மிதியுங்கள். இரண்டு மூன்று வெடி வெடித்து நின்றால், தீப்பொறி உண்டு, நேரம் உண்டு, அமுக்கமும் உண்டு, பெட்ரோல் வரும் பாதைதான் அடைப்பு என்று ஒரே அடியில் தெரிந்துவிடும். எதுவுமே நடக்காவிட்டால் பெட்ரோலைக் குறை சொல்ல வேண்டாம், மற்ற மூன்றைத் தேட வேண்டும். அரைத் தேக்கரண்டிக்குள் இவ்வளவு பெரிய பதில் இருக்கிறது.

பெட்ரோல் பாதையை மேலிருந்து கீழாகப் பாருங்கள். டாங்கி மூடியில் காற்றுத் துளை அடைத்திருந்தால் பெட்ரோல் இறங்காது. மூடியைத் திறந்து வைத்து மிதித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். அடுத்து குழாய்த் திருகு, வடிகட்டி, காபுரேட்டரின் மிதவை ஊசி. கடைசியாகப் பைலட் ஜெட் என்ற சிறு பித்தளைத் துளை. வண்டி மாதக்கணக்கில் பிரித்துக் கிடந்திருந்தால் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்து அந்த நுண்ணிய துளையை அடைத்துவிடும். எஞ்சின் கிளம்புவதற்குத் தேவையான கலவையைத் தருவதில் அத்துளைக்குப் பெரும் பங்கு உண்டு. கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகிவிடும். கழுவிக் காற்றடித்தே சுத்தம் செய்ய வேண்டும். பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள்.

எண்ணெயை டாங்கியிலேயே கலக்கும் புல்வெட்டும் இயந்திரத்துக்குக் கணக்கு முக்கியம். ஐம்பதுக்கு ஒன்று என்றால் 1 லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய். இருபத்தைந்துக்கு ஒன்று என்றால் 40 மில்லிலிட்டர். எந்த அளவு என்பதை இயந்திரத்தின் குறிப்பேட்டில் பாருங்கள். கண்ணளவில் ஊற்றினால், கூடினால் பிளக் அழுக்கேறும், குறைந்தால் புதிய பிஸ்டன் சிக்கிக்கொள்ளும்.

பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் குழாயை மூடுங்கள். சோக்கை விடுவியுங்கள். பிளக்கைக் கழற்றி அதன் தொப்பியைப் பழைய பிளக் ஒன்றில் மாட்டி எஞ்சின் உடலில், துளைக்குத் தள்ளித் தொட வைத்து, சாவியையும் அணைத்து விடுங்கள். திராட்டிலை முழுதும் திருப்பி வைத்துக்கொண்டு பத்து முறை மிதியுங்கள். உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும். பிறகு காய்ந்த பிளக்கைப் போட்டு முயலலாம்.

மூன்றாவது சோதனை அமுக்கம். சாவியை அணைத்து, முன்பு சொன்னது போலவே பிளக் தொப்பியைப் பாதுகாப்பாகத் தொட வைத்துவிட்டு, துளையின் வாயைக் கட்டைவிரலால் அழுத்தி மூடிக்கொண்டு மற்றவரை மிதிக்கச் சொல்லுங்கள். விரலைத் துளைக்குள் நுழைக்க வேண்டாம். நல்ல எஞ்சின் விரலைத் தூக்கியடிக்கும். அழுத்தமானி கிடைத்தால் இன்னும் நல்லது. திராட்டிலை முழுதும் திறந்து வைத்து ஐந்தாறு முறை மிதித்துப் பாருங்கள். சிறிய இரு வீச்சு எஞ்சின்கள் பலவற்றில் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கு மேல் காட்டினால் கிளம்பப் போதுமானது. அதற்கு மிகவும் குறைந்தால் கிளம்புவது கடினம்.

புதிதாகப் போர் அடித்த எஞ்சினில் அமுக்கம் குறைய என்ன காரணம்? இரு வீச்சு பிஸ்டனில் ஒவ்வொரு ரிங் பள்ளத்திலும் ஒரு சிறு ஊசி இருக்கும். ரிங்கின் இரு முனைகளும் அந்த ஊசியைக் கட்டிப் பிடித்தாற்போல் அமர வேண்டும். ஊசிமேல் ஏறி அமர்ந்தால் ரிங் உடையும், சிலிண்டரையும் கீறிவிடும். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி பெரும்பாலான வண்டிகளில் புகை வெளியேறும் பக்கம் நோக்கியிருக்க வேண்டும். தலைகீழாய்ப் போட்டுவிட்டால் ரிங் முனை வாயில் மாட்டிக்கொள்ளும். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உள்ள இடைவெளி மிகச் சிறிது. பல சிறிய எஞ்சின்களில் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர்தான். ஆகவே போர் அடிப்பவரிடம் பிஸ்டனையும் கூடவே கொடுத்து அளந்து அடிக்கச் சொல்ல வேண்டும். கேஸ்கட் பழையதா, தலை நட்டுகளைக் குறுக்கு மறுக்காகச் சமமாக முடுக்கினோமா என்பதையும் பாருங்கள்.

நான்காவது, நேரம். பொறி உண்டு, பெட்ரோல் உண்டு, அமுக்கம் உண்டு, ஆனாலும் கிளம்பவில்லை, அல்லது கிக் காலைத் திருப்பி அடிக்கிறது என்றால் மேக்னட்டைக் கழற்றிப் பாருங்கள். மேக்னட்டையும் கிராங்க் தண்டையும் ஒரே நிலையில் நிறுத்துவது பிறை வடிவமான ஒரு சிறு சாவி. அதை மாட்ட மறந்திருந்தாலோ, அது பாதி வெட்டுப்பட்டிருந்தாலோ, மேக்னட் சற்றே நழுவிவிடும். பொறி பிஸ்டன் உச்சிக்குச் சற்று முன்பு விழ வேண்டியது, சில வண்டிகளில் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் முன்பு, வேறெங்கோ விழும். நகக்கண் அளவான இந்தச் சாவிக்காகப் பலர் முழு எஞ்சினையும் மறுபடி பிரித்திருக்கிறார்கள்.

ஐந்தாவதாக, நாம் முதலில் நினைவில் வைக்கச் சொன்ன கீழறை. கிராங்க் தண்டின் இரு பக்கமும் ரப்பர் ஆயில் சீல் உண்டு. மேக்னட் பக்கத்துச் சீல் கிழிந்தால் வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவை நீர்த்துவிடும். கிளட்ச் பக்கத்துச் சீல் கிழிந்தால் கியர் எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டுப் பிளக் எண்ணெயில் குளிக்கும், ஓடினாலும் வெள்ளைப் புகை கக்கும். கட்டும்போது சீலின் உதடு மடிந்துவிடுவதும் உண்டு. காபுரேட்டரை இணைக்கும் ரப்பரில் வெடிப்பு உண்டா, ரீட் என்ற மெல்லிய தகடுகள் மூடி அமர்ந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். கைவசதி உள்ள பட்டறையில், எல்லா வாயையும் அடைத்துச் சிறிதளவு காற்றேற்றி இணைப்புகளில் சவுக்காரத் தண்ணீர் தடவுவார்கள். குமிழி வரும் இடம் ஒழுகும் இடம். சைக்கிள் டியூப் ஓட்டையைக் கண்டுபிடிக்கும் அதே வித்தைதான்.

ஆறாவது, புகைப்போக்கி. உள்ளே போன காற்று வெளியே போக வழி வேண்டும் அல்லவா? மாதக்கணக்கில் கழற்றி வைத்த புகைக்குழலில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். தூசி விழாமலிருக்க வாயில் திணித்த துணி உள்ளேயே இருக்கலாம். காபுரேட்டர் பக்கத்திலும் அப்படித் திணித்திருந்தால் அதையும் எண்ணிப் பாருங்கள். எத்தனை துணி வைத்தோமோ அத்தனையும் வெளியே வந்ததா என்று நோட்டுப் புத்தகம் சொல்ல வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சினுக்கு இன்னும் ஒன்று கூடுதலாகச் சொல்ல வேண்டும். தண்ணீர் புகுந்தது என்று தெரிந்தால் மிதித்துப் பார்க்கவே வேண்டாம். தண்ணீரைப் பிஸ்டனால் அமுக்க முடியாது. முயன்றால் உள்ளே வளையும், உடையும். பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வடித்து, காலம் தாழ்த்தாமல் பிரித்துக் கழுவ வேண்டும். சேற்று மணல் பேரிங்கில் தங்கினால், கட்டியபின் ஓடினாலும் அதிக நாள் ஓடாது. கம்பி இணைப்புகள் ஒவ்வொன்றையும் பிரித்துப் பச்சைத் துருவைச் சுரண்டுங்கள்.

சரி, எஞ்சின் கிளம்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மகிழ்ச்சியில் முறுக்கி விடாதீர்கள். கதவடைத்த இடத்தில் ஓடவிடாதீர்கள். அந்தப் புகையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு என்ற உயிர்க்கொல்லி வாயு உண்டு. சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, முழுதும் ஆறியபின் தலை நட்டுகளைக் குறிப்பேட்டில் உள்ள அளவுக்குச் சரிபாருங்கள். புதிய ரிங் சிலிண்டரோடு பழகும் வரை பாரம் ஏற்றாமல், ஒரே வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டாமல், பொறுமையாகப் பழக்குங்கள்.

நேயர்களே, பட்டறைக்குப் போகவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. போர் அடிப்பது, கிராங்க் பிரிப்பது போன்றவை கைதேர்ந்தவர்களுக்கு உரிய வேலை. ஆனால் “எதையாவது மாத்திப் பாருங்க” என்று சொல்லிப் போனால், நம் பணம் போகும் வழி நமக்கே தெரியாது. “பொறி நல்லா வருது, பெட்ரோல் வருது, அமுக்கம் குறையுது, ரிங்கைப் பாருங்க” என்று சொல்லிப் போனால், நம்மிடம் யாரும் தேவையற்ற சாமானை எளிதில் விற்க முடியாது. நல்ல மெக்கானிக்கும் அப்படிச் சொல்பவரை மதிப்பார்.

தீப்பொறி, கலவை, அமுக்கம், நேரம். இந்த நான்கு சொற்களையும் நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வரிசையாகப் பார்க்கும் பழக்கம் எஞ்சினுக்கு மட்டும் உதவுவதன்று. கணக்கு வராத பிள்ளைக்கும், காய்ச்சல் நிற்காத குழந்தைக்கும், சம்பளச் சீட்டில் குறையும் காசுக்கும், எங்கே தவறு என்று ஒவ்வொன்றாய்ப் பார்ப்பவரே விடையைக் காண்கிறார். உங்கள் பிள்ளைகள் எஞ்சினைப் பிரித்தால் கையில் அழுக்குப் படுகிறதே என்று திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து விளக்குப் பிடியுங்கள்.